கத்திக்கு வயது என்ன?

மரத்தை வெட்டினால் வளையத்தை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். மாட்டுக்குப் பல்லைப் பார்க்கலாம். மனிதர்களிடம் கேட்டால் இரண்டு குறைத்தாவது சொல்வார்கள். ஒரு கத்தியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்புவுக்கு அன்று மாலை அதே கவலைதான். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அது. மறுநாள் அவளுக்குப் பத்து வயது நிறைகிறது. அந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்குப் பத்து வயதானால் கொள்ளுத்தாத்தாவின் மடக்குக்கத்தி கைக்கு வரும். கொம்பில் செய்த பிடி, அதற்குள் மடங்கிக்கொள்ளும் அலகு. ஒரு வருடமாக அவள் அதற்குத்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்பா கத்தியை எடுத்து மேசைமேல் வைத்ததும் வந்தது வினை.

“இது அந்தக் கத்தியே இல்ல” என்றார் அத்தை. அப்பாவின் அக்கா. பூங்காவில் தோட்ட வேலை பார்ப்பவர். “கடையில புதுசா வாங்கினது. பழசுன்னு பொய் சொல்லிக் குழந்தைகிட்ட குடுக்காதே.”

“அக்கா, நம்ம அப்பாவே என் கையில குடுத்தாரே!” என்றார் அப்பா.

“அலகைப் பாரு, எவர்சில்வர். அந்தப் பழைய கத்தி வெறும் இரும்பு. எலுமிச்சம்பழம் நறுக்கினா கறுத்துப்போகும்.”

“அப்போ நறுக்கிப் பாத்துடலாமே!” என்றாள் துப்பு.

அப்பா ஒரு பழத்தை நறுக்கினார். அலகைத் துடைக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்தார்கள். அலகு கறுக்கவில்லை. அப்பாவின் முகம்தான் கறுத்தது.

“நான்தான் சொன்னேனே” என்றார் அத்தை. ஜெயித்தவர் மாதிரியே இல்லை அவர் குரல்.

துப்புவுக்குக் கை சும்மா இருக்காது. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வீட்டில் பூதக்கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்துவந்து, அப்பாவைக் கத்தியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குனிந்து பார்த்தாள்.

“அப்பா, எவர்சில்வர் துருப்பிடிக்குமா?”

“அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது.”

“பித்தளை?”

“பித்தளையில பச்சையாக் களிம்பு வரும். சிவப்பாத் துரு வராது. ஏன் கேக்கற?”

“பிடிக்கு உள்பக்கம் பித்தளைத் தகடு. அலகு எவர்சில்வர். ஆனா உள்ளே சிவப்பாத் துரு அப்பியிருக்கே. அது எங்கேருந்து வந்தது?”

அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இன்னொண்ணு பாருங்க. பிடியில மூணு ஆணி. ரெண்டு தேய்ஞ்சு மழமழன்னு இருக்கு. அலகைப் பிடிச்சிருக்கிற ஆணி மட்டும் பளபளன்னு முட்டிக்கிட்டு நிக்குது. அலகு வேற குட்டை, அது மடங்குற பள்ளத்துல இடம் மிச்சமிருக்கு.” துப்பு நிமிர்ந்தாள். “பிடி பழசு. முதல்ல இதுல இரும்பு அலகு இருந்திருக்கு. யாரோ அலகை மட்டும் மாத்தியிருக்காங்க!”

அத்தை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அத்தை, என்னாச்சு?”

“அதை உடைச்சதே நான்தான்” என்றார் அத்தை மெதுவாக. “என் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பெயிண்ட் டப்பா மூடியை அதால நெம்பினேன். படக்குன்னு அலகு ரெண்டாப் போச்சு. எங்கப்பா ஒரு வார்த்தை திட்டல. ரெண்டு நாள்ல பளபளன்னு ஒரு கத்தி வச்சிருந்தார். பழசைத் தூக்கிப்போட்டுட்டார்னு நினைச்சேன். எனக்கு வேண்டாம், தம்பிக்கே குடுங்கன்னுட்டேன். அப்புறம் அந்தக் கத்தியை நான் கண்ணெடுத்தும் பாக்கல.”

“தாத்தாகிட்ட கேட்டிருக்கலாமே?”

“உனக்கு வாய் இருக்கு, கேட்டுடறே. எனக்குப் பயம்.”

இத்தனை வருடமாக அப்பாவுக்கும் இது தெரியாது.

துப்பு விரல் விட்டு எண்ணினாள். “அத்தைக்கு இப்போ ஐம்பது. அப்போ அலகுக்கு நாப்பது வயசு. தாத்தா இருந்திருந்தா இப்போ எண்பது. அவருக்குப் பத்து வயசுல கிடைச்ச பிடி, அதுக்கு எழுபதாவது இருக்கும். ஒரே கத்திக்கு ரெண்டு வயசு!”

சொல்லிவிட்டுக் கத்தியை ஒருமுறை ஆசையாகப் பார்த்தாள். விட்டுக்கொடுக்க மனசே இல்லை. ஆனாலும் கத்தியை மடக்கி அத்தையின் பக்கம் நகர்த்தினாள்.

“மூத்த பிள்ளை நீங்கதானே அத்தை? உங்க முறை இன்னும் வரவேயில்லையே. ஒரு வருஷம் வச்சிருந்துட்டு எனக்குக் குடுங்க.”

“நாளைக்கு உன் பிறந்தநாள்டி!”

“பதினொண்ணும் பிறந்தநாள்தானே? ஆனா டப்பா மூடி மட்டும் திறக்கக்கூடாது.”

அத்தை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். கத்தியைத் திறந்தார், மூடினார், திறந்தார். புதுப் பொம்மை கிடைத்த பிள்ளைகூட அவரிடம் தோற்றுப்போகும்.

மறுநாள் காலை துப்புவின் பிறந்தநாளுக்கு அத்தை வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு கை நிறைய ரோஜாப்பூ வந்தது. ஒவ்வொரு காம்பும் அந்தக் கத்தியால் வெட்டியது.