ஒற்றை அம்புக்குறி

வீரபாகுவின் அலுவலகத்துக்கு வந்த டேனியல் உட்காரவில்லை. "என் சம்சாரம் போட்ட புடவைக் கரை டிசைன் போச்சு சார். கூட வேலை பார்த்த துர்காதான் அழிச்சிட்டா. வேலைய விட்டே அனுப்பிட்டேன்."

கணினிக் குற்றங்களைத் துருவும் வீரபாகு, உதவியாளர் ரேவதியோடு சின்ன காஞ்சிபுரம் போனார். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போட்டுத் தரும் அறை. டேனியலின் மனைவி சுகாசினி இறந்து ஒரு வருடமாகியும் அவள் மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே கிடந்தது. துர்காவின் நாற்காலி காலி.

"ஃபைல் பேர் இருக்குது சார். உள்ளே பூஜ்யம்" என்றாள் ரேவதி. "எழுதுற அனுமதி இவருக்கு மட்டும். துர்கா படிக்கலாம், அவ்ளோதான்."

"நான்தான்மா அப்படிப் பூட்டினேன். அவ போட்டதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு."

"பாஸ்வேர்டு?"

"எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப துர்கா மந்திரம் போட்டாளாக்கும்" என்றாள் ரேவதி.

வீரபாகு பக்கத்து அறைத் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் புடவை. கரையில் நெய்த மாங்காய் உருவங்கள் எல்லாம் மேல் நோக்கியே இருந்தன.

"அடுத்தது தலைகீழா வரணுமோ?"

"ஆமா சார். டிசைனுக்கு ஓட்டை போட்ட அட்டை இருந்த காலத்துல அதே அட்டைய பின்னாலேர்ந்து ஓட்டுவோம். மாங்கா திரும்பிக்கும்."

"ரேவதி, இவர் கடைசியா அடிச்ச கட்டளை?"

அவள் திரையைப் படித்தாள். "ஃபைலைக் கடைசி வரியிலேர்ந்து படி. ஒற்றை அம்புக்குறி, 'இதுல எழுது'ன்னு. திரும்ப அதே ஃபைல் பேர்."

"திருப்பி அதுலயே போடச் சொன்னேன். கம்ப்யூட்டர் தப்புன்னு ஒண்ணும் சொல்லலியே" என்றார் டேனியல்.

"சொல்லாது. ஒற்றை அம்புக்குறியைப் பார்த்ததும் அது முதல்ல அந்த ஃபைலைக் காலி பண்ணும். அப்புறம்தான் படிக்கவே ஆரம்பிக்கும். அட்டைய எப்படி ஓட்டினாலும் ஓட்டை அங்கேயே இருக்கும், டேனியல். ஃபைல் அப்படியில்ல. எழுத அனுமதி இருந்தது உங்க ஒருத்தருக்குத்தான்."

டேனியல் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"படிக்க முடிஞ்சவ நகலும் எடுத்திருக்கலாம்" என்றார் வீரபாகு. "கேட்டுப் பாருங்க."

டேனியல் போன் போட்டதும் துர்கா உடனே எடுத்தாள். "இருக்குது சார். சுகாசினி அக்கா சொல்லித்தான் நகல் எடுத்து வச்சேன். அன்னிக்கு நீங்க கேட்கவே இல்லியே. அனுப்பறேன்."

"துர்கா, தப்பு என்னுதுதான்மா. நாளைக்கு வேலைக்கு…"

இணைப்பு அறுந்தது.

சற்று நேரத்தில் ஃபைல் வந்தது. திரை நிறைய சுகாசினியின் மாங்காய்கள். ஒன்றும் குறையவில்லை. வீரபாகுவும் ரேவதியும் செருப்பை மாட்டும்போது டேனியல் மறுபடி துர்காவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.