வழிவிடும் வண்டிகள்

முன் பம்பரின் இடுக்கில் முடி இருந்தது.

நாய் முடி என்றுதான் முதலில் நினைத்தாள். தண்ணீர்க் குழாயை அதன்மேல் திருப்பி வேகத்தைக் கூட்டினாள். நாய் முடியானால் அந்த வேகத்துக்குப் பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கும். இது ஓடவில்லை. நீளமாக, நரைத்து, ஒரு முனையில் தோலைக் கவ்விக்கொண்டு, தண்ணீர் போன பக்கமெல்லாம் ஆடியது. குனிந்து பார்த்தாள். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய முடி. நாய்க்கு யார் தலை வாரிவிடப் போகிறார்கள்?

"சார்," என்று கூப்பிட்டாள்.

சூப்பர்வைசர் குடையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். கையிலிருந்த டேப்லெட் திரையில் விரலால் தேய்த்தார். "வண்டி எதுலயும் இடிக்கலன்னு சொல்லுதும்மா. வழியில பிரேக் கூடப் போடல."

"முடி இருக்குதே சார்."

"நாயா இருக்கும்."

"நரைச்ச நாயா?"

"ஏன், நாய்க்கு மட்டும் வயசாகாதா? கழுவும்மா மழை, பின்னாடி லைன் கட்டி நிக்குது."

யார்டில் எல்லோருக்கும் அவள் மழைதான். காலை முதல் சாயங்காலம் வரை குழாயும் கையுமாக நிற்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஓட்டுநர் இல்லாத லாரிகளைக் கழுவுவது அவள் வேலை. அவை தாமாக நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி, தாமாகக் கேட்டைக் கடந்து, கொட்டகைக்குள் வந்து அவள் முன்னால் பசுமாடு மாதிரி நிற்கும். அவற்றின் நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள கண்ணாடிக் கண்களை மெல்லிய துணியால் ஒற்றித் துடைப்பாள். பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுவது போலத்தான் துடைப்பாள். காரணம் இருந்தது. அவளுடைய அண்ணனை, சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்தவரை, தூங்கிவிட்ட ஒரு லாரிக்காரன் ஏற்றிக் கொன்றுபோட்டான். இந்த வண்டிகள் தூங்காது, குடிக்காது, பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஆக்சிலேட்டரில் கோபத்தைக் காட்டாது. மனுஷன் எதிரே வந்தால் நின்றுவிடும், இல்லையென்றால் விளக்குப் போட்டு ஒதுங்கிப் போகும். முதன்முதலில் அப்படி ஒரு வண்டி தனக்காக நின்றதைப் பார்த்தபோது அவள் அழுதே விட்டாள்.

அதனால் கழுவினாள். சிவப்பாக வழிந்த தண்ணீரைச் செம்மண் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செம்மண்ணுக்கு அந்த வாடை கிடையாது. இரும்பைச் சூடாக்கி நாக்கில் வைத்தது போன்ற அந்த வாடை, சோப்பு நுரையையும் தாண்டி, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளியே தூறல் பிடித்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில், கொட்டகையின் தகரக் கூரையில் தூறல் விழும் சத்தமும், வரிசையில் நிற்கும் லாரிகளின் வைப்பர்கள் யாருமில்லாத இருக்கைகளுக்காகக் கண்ணாடியைத் துடைக்கும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு என்ஜின் உறுமல் கிடையாது. எல்லாம் பேட்டரி வண்டிகள்.

அடுத்த வண்டி வந்தது. பின் ஜோடி டயர்களுக்கு நடுவே எதுவோ அடைத்திருந்தது. அங்கே கல் சிக்குவது வழக்கம்தான். கொக்கியை விட்டு இழுத்தாள். வரவில்லை. காலை டயரில் உதைத்து ஊன்றிக்கொண்டு இழுத்தாள். சதக்கென்று வந்து அவள் செருப்பின்மேல் விழுந்தது.

ஆரஞ்சுத் துணி. கறுப்புக் கட்டம் போட்டது. சுருண்டு, நனைந்து, கனமாக இருந்தது. கொக்கி முனையால் விரித்தாள். உள்ளே பாதித் தாடை இருந்தது. பல் ஒன்றில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

கம்பிப்பல்லுப் பெரியவர். கேட்டுக்கு வெளியே பாட்டில் பொறுக்குகிறவர். ஆடுகிற பல்லைத் தானே கம்பியால் கட்டிக்கொண்டு, "டாக்டர் பீஸ் மிச்சம்மா" என்று சிரித்தவர். நேற்றுத்தான் அவருக்கு அந்தக் கோட்டைக் கொடுத்திருந்தாள். "மழைக்குப் போட்டுக்கங்க பெரியவரே. பளிச்சுன்னு தெரியும். வண்டி உங்கள ஒதுங்கிப் போகும்."

அவள் உடம்பிலும் அதே கோட்டுத்தான் இருந்தது. ஆரஞ்சில் கறுப்புக் கட்டம், கையில்லாதது, முன்னால் ஜிப்.

அந்தக் கோட்டின் கதை இதுதான். தொடக்கத்தில் வண்டிகள் கொட்டகைக்குள் வரவே மறுத்தன. கழுவுகிறவர்களைக் கண்டதும், மனுஷன் நிற்கிறான் என்று அங்குலம் நகராமல் நின்றுகொண்டன. வரிசை கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை வரை போயிற்று. அதற்காகத்தான் இந்தக் கோட்டு. கட்டம் போட்ட கோட்டுப் போட்டவர் நம்ம ஆள், அவராகவே விலகிக்கொள்வார், அவரைக் கணக்கில் எடுக்காதே என்று வண்டிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். எறும்பு ஊர்கிற வேகத்தில் வரும் வண்டிக்கு விலகுவது பெரிய காரியமில்லை. போன வாரம் புதுக் கோட்டுகள் வந்தன. சாயம் போன பழையவற்றை அள்ளிப்போட மனம் வராமல் அவள்தான் மூட்டை கட்டி எடுத்துப் போய்க் கொடுத்தாள். பெரியவருக்கு ஒன்று. சாலை போடுகிற ஆட்களுக்குச் சில. அவள் புருஷனுக்கு ஒன்று.

அவள் புருஷன் தினமும் இந்த நேரத்துக்கு, இதே சாலையில், அவளைக் கூட்டிப்போக சைக்கிளில் வருவான்.

"சார்!" குரல் கிழிந்தது. "இந்தக் கோட்டுக்குப் பாடம் போட்டீங்களே, அது யார்டுக்குள்ள மட்டும்தானே?"

சூப்பர்வைசர் தரையில் கிடந்ததைப் பார்த்தார். குடை அவர் கையிலிருந்து மெதுவாகச் சாய்ந்தது. "கேட்டுக்கு வெளிய செல்லாதுன்னு போடச் சொன்னேனே... போட்டிருப்பாங்க."

"போட்டிருக்காங்களா சார்?"

"போட்டிருப்பாங்கம்மா."

"எல்லா வண்டியையும் நிறுத்துங்க!"

"நானா எப்படி நிறுத்த? மேல கேக்கணும்." எண்ணை அழுத்தினார். போனுக்குள்ளிருந்து காத்திருக்கச் சொல்லும் இசை இனிமையாக வழிந்தது.

அவள் புருஷனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மழை என்றால் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்சட்டையில் செருகிக்கொள்கிறவன் அவன்.

தன் கோட்டின் ஜிப்பை இழுத்தாள். சிக்கியது. தலைவழியே உருவி எறிந்துவிட்டு ஓடினாள்.

சாலை ஈரத்தில் மினுங்கியது. யார்டை நோக்கி வரும் வண்டிகளுக்கான இரட்டைத் தடம் அது. ஓரத்து மண்ணில் ஓடினால் சறுக்கியது. தடத்தில் ஓடினால் முதுகு கூசியது. தூரத்தில் வெளிச்சங்கள் சத்தமில்லாமல், சீராக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. காய்ச்சிய தாரின் வாடை வந்தது. சாலை ஆட்கள் வேலையை முடித்து, தடுப்புக் கூம்புகளை எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு, வலது தடத்தில் கடைசிப் பள்ளத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். எல்லோர் முதுகிலும் கறுப்புக் கட்டம்.

இடது தடத்தில், ஒற்றைக் காலை ஊன்றி, சைக்கிளை நிறுத்தி, மேஸ்திரியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன். ஆரஞ்சு நிறத்தில். அவன் பின்னால் ஒரு வண்டியின் விளக்கு பெரிதாகிக்கொண்டிருந்தது.

"கழட்டு! கோட்டக் கழட்டு!"

"என்னடி, மழையே மழையில நனைஞ்சுக்கிட்டு வருது?" என்று சிரித்தான்.

"நடுரோட்டுலயா கழட்டச் சொல்ற? என்னம்மா அவசரம் உனக்கு?" என்றார் மேஸ்திரி. ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்களும்தாண்ணே! எல்லாரும் கழட்டுங்க! அது உங்களப் பாக்காது!"

"எது?"

பதில் சொல்ல மூச்சில்லை. அவன்மேல் போய் விழுந்தாள். இரண்டு கையாலும் கோட்டின் கழுத்தைப் பிடித்துக் கிழித்தாள். தையல் விட்டது. நகம் பெயர்ந்தது. உருவிச் சாக்கடையில் எறிந்தாள். சைக்கிள் சாய்ந்து விழுந்தது. அவனைக் கட்டிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நின்றாள்.

வண்டி அவர்களைப் பார்த்தது.

பார்த்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வேகம் குறைந்தது. பணிவாக, மரியாதையாக, வலது பக்க விளக்கைப் போட்டது. டிக். டிக். அவர்களுக்கு வழிவிட்டு, தடம் மாறியது.

வலது தடத்துக்கு.

மேஸ்திரியின் சிரிப்பு முடியவில்லை. பாதியில் அது வேறு சத்தமானது. சக்கரங்கள் ஏறின. இறங்கின. வேகத்தடை மேல் போவது போல. மறுபடி ஏறின. எலும்பு முறிவது பச்சைக் கரும்பை ஒடிக்கிற சத்தம்தான், வேறெதுவும் இல்லை. தார் வாளி பறந்து ஒருவன் முகத்தில் கொட்டியது. அவன் கத்த வாய் திறந்தான். வாய்க்குள்ளும் தார். சூடாக ஏதோ அவள் கழுத்தில் தெறித்து, ரவிக்கைக்குள் இறங்கியது. வண்டி நிற்கவில்லை. பழைய தடத்துக்குத் திரும்பி, விளக்கை அணைத்து, கழுவிக்கொள்ள யார்டுக்குப் போயிற்று.

அவளால்தான் அது திரும்பியது. நேரே போயிருக்கும்.

மேஸ்திரி இருந்தார். இடுப்பு வரை. கையை ஊன்றி ஊர்ந்தார். மிச்சம் பின்னால் இழுபட்டு வந்தது. பிழைத்த இரண்டு பேர் தடத்தைக் கடந்து இடது ஓரத்து மண்ணில் போய் விழுந்து, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு அலறினார்கள்.

அடுத்த வெளிச்சம்.

வலது விளக்கு. டிக். டிக்.

அவள் புருஷனை விட்டாள். வலது தடத்தில் பாய்ந்து, மேஸ்திரிக்கு முன்னால், கைகளை விரித்து நின்றாள். இடது தடத்தில் அவன் நின்றான். இரண்டு தடத்திலும் இனி மனுஷர்கள். நிற்கத்தான் வேண்டும். நிற்கும். நிற்க வேண்டும்.

நின்றது.

அவள் கை எட்டும் தூரத்தில், பம்பர் சொட்டச் சொட்ட, நின்றது. வைப்பர் ஒருமுறை துடைத்தது. நெற்றிக் கண்கள் அவளைப் பார்த்தன. அவனைப் பார்த்தன. பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்று வரிசை நீண்டது. மழைச் சத்தம். மேஸ்திரியின் மூச்சு. அப்புறம் அதுவும் இல்லை.

டிக்.

இடது விளக்கு.

முன் சக்கரங்கள் மெல்ல, மிக மெல்ல, சாலையோரத்து மண்ணை நோக்கித் திரும்பின. அங்கே காலியாக இருந்தது. வண்டிக்கு அங்கே காலியாகத்தான் இருந்தது.

"கழட்டுங்க!" என்று கத்தினாள். "கழட்டுங்கடா!"

அவர்கள் கழற்றத்தான் பார்த்தார்கள். மண்டியிட்டு, வெளிச்சம் முகத்தில் ஏற ஏற, தார் ஒட்டிய விரல்களால், ஒருவன் ஜிப்பை இன்னொருவன் இழுத்துக்கொண்டிருந்தான்.