அடுப்போரப் படுக்கை

"வெட்கமா இல்லையாடி உனக்கு? வயசானவ படுக்கிற சூடான இடத்தைப் பிடுங்கிக்கிட்டு, என்னைச் சன்னலோரத்துக்குத் தள்ளிட்டியே!"

விடிந்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். யூஃபெங் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாள்...? மறந்துவிட்டது!

அந்த வீட்டில் எல்லோரும் படுப்பது காங் என்னும் செங்கல் மேடையில்தான். அடுப்புப் புகை செங்கல்லுக்கடியில் ஓடி அதைச் சூடாக்கும். அடுப்பை ஒட்டிய முனை மூத்தவர்களுக்குரிய மரியாதை. அங்கேதான் சில நாளாக மருமகள் படுக்கிறாள். ஊரே காறித் துப்பியது.

யூஃபெங் சோளக்கஞ்சியை ஊற்றினாள். கிண்ணம் ஓரிடம், கஞ்சி வேறிடம்.

"மகாராணிக்கு இன்னும் தூக்கம் தெளியலையோ?" கணவன் தேஷுன் எரிந்து விழுந்தான்.

தூக்கமா? இது காலையா, சாயங்காலமா? சுவர் ஏன் சாய்கிறது? இல்லை... சாய்ந்தது அவள்தான்!

தேஷுன் பதறி வாரியெடுத்து முற்றத்துப் பனியில் கிடத்தினான். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வாந்தியெடுத்தாள். மெல்லக் கண் தெளிந்தது.

மாமியார் முகம் வெளுத்தது.

"டேய்... அந்த முனையில படுத்தப்போ எனக்கும் தினம் காலையில இதே தலைவலி, இதே குமட்டல்! இடம் மாறினதும் நின்னுடுச்சேடா..."

அவன் உள்ளே ஓடிப் பாயைச் சுருட்டினான். இந்த வருஷம் அவனே மேடைமேல் பூசிய மண்ணில் நீளமாய் ஒரு விரிசல். விளிம்பெல்லாம் புகைக்கரி.

திரும்பி ஓடிவந்து அவளருகே குந்தினான். "ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே, மேடையில ஏதோ கசியுதோன்னு... 'புகையைக் காணோம், நாத்தமும் இல்ல, என் கைவேலையிலேயே குத்தம் கண்டுபிடிக்கிறியா'ன்னு சிரிச்சீங்க. எனக்கும் ஒண்ணும் நிச்சயமாத் தெரியலங்க... அத்தை அங்க படுக்க வேணாம்னு மட்டும் தோணுச்சு."

மாமியார் பனியிலேயே மண்டியிட்டாள். மருமகளை இழுத்து மார்போடு அணைத்தாள்.

"பாவி நான்! எனக்கு வந்த சாவுல போய்ப் படுத்திருக்கியே... உன்னைப் பேராசைக்காரின்னு வீடு வீடாச் சொன்னேனே!"

"விரிசலைப் பூசிடறேம்மா..."

"பூசாதே! அடுப்பை அணைச்சுட்டு மேடையை உடை!"

"நடுக் குளிர்காலத்துலயா? வெறைச்சுச் செத்துடுவோம்!"

"குளிர் சொல்லிட்டு வரும்டா. இந்த விஷக்காத்து சொல்லாம வருது. உடை!"

கடப்பாரையின் முதல் அடி விழுந்தது. யூஃபெங் திடுக்கிட்டாள்.

"ராத்திரி எங்கே படுக்கிறது அத்தை...?"

மாமியார் தன் பஞ்சுக்கோட்டைக் கழற்றித் தன்னையும் மருமகளையும் சேர்த்துப் போர்த்தினாள்.

"இதுக்குள்ளதான். இன்னும் கிட்ட வாடி!"