புளி பட்ட மிங் தட்டு

டிரெஸ்டன், ஜெர்மனி, 1994. வியாழன், காலை 8.10.

ஒரு தனியார் அருங்காட்சியகத்தின் மேசையில் நானூறு வயதுச் சீனத் தட்டு மொட்டையாகக் கிடந்தது. நேற்றுவரை அதில் நீல டிராகன், சிவப்பு மேகம், பச்சை அலை. இன்று வெறும் வெள்ளை.

இயக்குநர் லேமன் அம்மையார் போலீசைக் கூப்பிடுமுன் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். வந்தவன் பார்த்தசாரதி. சென்னையிலிருந்து வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்து, ஆராய்ச்சி தவிர மற்றதெல்லாம் செய்பவன்.

8.40. விசாரணை.

“என்னண்ணா பண்ணீங்க?”

இலங்கையிலிருந்து வந்து அங்கே துப்புரவு வேலை செய்யும் தங்கராசா கையைப் பிசைந்தார். “படம் எடுக்க வெளியில வச்சிருந்தவை, தம்பி. மங்கிப்போய்க் கிடந்துது. வீட்டில குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் புளி போட்டுத் தேய்ச்சனான்.”

“மிங் தட்டையா?”

“மினுங்கும் எண்டுதான்... செவ்வாய்க்கிழமை மனுசியை ஊரிலயிருந்து கூப்பிடுற அன்ட்ராக், அந்த விண்ணப்பம் குடுக்கக் கந்தோரில டெர்மின் தந்திருக்கினம். வேலைக் கடிதம் இல்லாட்டி அவள் வர ஏலாது.”

பக்கத்தில் நிபுணர் கிரவுஸ் இழவு வீட்டு முகத்தோடு நின்றார். மூன்று வாரம் தன் பட்டறையில் வைத்து விரிசலை ஒட்டி, திங்களன்று தட்டைத் திருப்பித் தந்தவர் அவர்தான்.

“புளியின் அமிலம் மூன்று நிறத்தையும் தின்றுவிட்டது,” என்றார்.

“நீலத்தையுமா?” என்று கேட்டான் பார்த்தசாரதி.

“நீலம்தான் முதலில் போயிருக்கும்.”

8.55. பார்த்தசாரதி சுவரிலிருந்த விளக்க அட்டையைப் படித்தான். அருங்காட்சியகம் திறந்த நாளிலிருந்து அதைப் படித்த முதல் ஆள் அவனாக இருக்கலாம்.

‘ஆதியில் நீலம் மட்டுமே. சுடுமுன் தீட்டி, கண்ணாடி மெருகுக்கு அடியில் புதைப்பார்கள். சிவப்பும் பச்சையும் பிற்பாடு சேர்ந்தவை. மெருகின் மேல் தீட்டி மறுபடி சுட்டவை.’

9.05. “மேடம், திருடன் கிரவுஸ்.”

“ஆதாரம்?”

“மேலே இருக்கும் சிவப்பு வருஷக்கணக்கில் தேயலாம். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் நீலத்தைப் புளி எப்படித் தொடும்? போனது சுடாத புதுப் பெயின்ட். இது போலித் தட்டு. அசல் இன்னும் பட்டறையில்தான்.”

“நீலம் மேலேயா அடியிலேயா என்றெல்லாம் எனக்குத் தெரியாது!” என்றார் கிரவுஸ்.

“அட்டையின் அடியில் எழுதியவர் பெயர் போட்டிருக்கிறதே, சார். கிரவுஸ்.”

11.30. பட்டறையில், கம்பளிக்குள் சுருண்டிருந்த டிராகனைப் போலீசார் கண்டெடுத்தனர். லேமன் அம்மையார் வேலைக் கடிதத்தில் கையெழுத்திட்டார். தங்கராசா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மையார் தொண்டையைச் செருமினார். “கிரவுஸ் பழுதுபார்த்த தட்டு இன்னும் பதினொன்று இருக்கிறது. அந்தப் புளியில் மிச்சம் உண்டா என்று கேளுங்கள்.”

பார்த்தசாரதி கேட்டான்.

“ஓம்,” என்றார் தங்கராசா. “கிடக்கு.”