கபித்தான் வணங்க மறுத்த கை

"அந்த நோனோய் என் கபித்தானை அடிச்சிருக்கான்!" என்று கத்திக்கொண்டே துப்பறியும் செவெரினாவின் வீட்டுக்குள் நுழைந்தாள் பசிலிசா.

இலோயிலோ நகரத்தில் துணி தேய்க்கும் அவளையும் அவள் நாய் கபித்தானையும் தெரியாதவர்கள் குறைவு. பெரியவர்களின் புறங்கையில் நெற்றியை ஒற்றி வணங்கும் மானோவைப் பிள்ளைகளே மறந்தாலும் கபித்தான் மறந்ததில்லை. நோனோயின் முடிவெட்டும் கடைக்குப் போய் வந்ததிலிருந்து அவள் கையைக் கண்டாலே அது பின்வாங்குகிறது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஒழுங்கா மானோ வைக்குது. சர்ச்சுக்குப் போற நாள்னு தெரியுது பாருங்க!" ஆத்திரத்திலும் அவளுக்குப் பெருமை குறையவில்லை.

அவள் பேச்சு தெருவெல்லாம் பரவி, நோனோயின் கடை ஈயாடிக் கிடந்தது. செவெரினாவின் மூன்று சக்கர வண்டி ஓட்டி எலியாஸுக்குக் கை பரபரத்தது.

"நோனோயைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டுரலாமா அக்கா?"

"முதல்ல நாயைக் கேப்போம். அவனையும் அங்கயே வரச் சொல்லு."

பசிலிசாவின் வீட்டில் சூடான இஸ்திரிப் பெட்டியின் வாடையோடு தைல வாடையும் கலந்து வீசியது. நெற்றி மழித்த கபித்தான் செவெரினாவின் கையில் மானோ வைத்தது. பிறகு நோனோயின் கையிலும் வைத்தது. எலியாஸுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"அடிச்சவனுக்கு நாய் மரியாதை பண்ணுமா?" என்றாள் செவெரினா. "அக்கா, தேய்ச்சு முடிச்சதும் கை கழுவுவீங்களா?"

"சூட்டோட தண்ணி தொட்டா பாஸ்மா வந்து நரம்பு இழுத்துக்காதா? தைலம்தான் தடவுவேன். மறுநாள் காலையிலதான் கழுவுவேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கு ஏது வேலை?"

"வேலையும் இல்லை, தைலமும் இல்லை. முன்னாடி நெத்தி முடி காப்பாத்துச்சு. இப்ப வெறும் தோலு, தைலம் பட்டா எரியுது. அதுக்குக் கிழமையெல்லாம் தெரியாதுக்கா."

"என் நாய்க்குத் தெரியாதா!"

"ஒட்ட வெட்டச் சொன்னதே நீங்கதான்," என்றான் நோனோய். அவன் கண் கலங்கியிருந்தது. "இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா கடையை மூடிட வேண்டியதுதான்."

பசிலிசா தன் கைகளைப் பார்த்தாள். சற்று முன்வரை சட்டை தேய்த்த கைகள் அவை. சோப்பை எடுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள். அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் "ஐயோ!" என்றார்கள்.

ஈரம் துடைத்த கையைக் கபித்தான் முகர்ந்து பார்த்தது. பிறகு மெல்ல நெற்றியை அதில் வைத்தது.

பசிலிசா நேராக வாசலுக்குப் போனாள். பழி சொன்ன அதே குரல் தெருக்கோடிவரை கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நோனோய் என் நாயை அடிக்கலை. தப்பு என்னோடது. இனிமேலும் கபித்தானுக்கு அவன்தான் முடி வெட்டுவான். அவன் கடையில முதல் ஆள் நான். மத்தவங்கல்லாம் எனக்குப் பின்னாடி வரிசையில நில்லுங்க!"

"மன்னிப்புக் கேக்கறதுலயும் முதல் இடம்தான் வேணும் இவங்களுக்கு," என்று சிரித்தான் எலியாஸ்.

நோனோய் சிரிக்கவில்லை. கடையைத் திறக்க ஓடினான்.