பதினெட்டாவது நோட்டு

அன்று சாயங்காலம் வகுப்புக்கு வந்தவர்கள் பதினேழு பேர். மேஜைமேல் சேர்ந்த நோட்டுகள் பதினெட்டு. வேங்கடசுப்ரமணியன் இரண்டு தரம் எண்ணினார். மனுஷர் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஏழு வாழைக்காய் கேட்டுவிட்டு ஆறோடு வீடு திரும்புகிறவர் என்பது கட்டடம் முழுக்கப் பிரசித்தம்; ஆகையால் மூன்றாவது தரமும் எண்ணினார். பதினெட்டுதான். அடியிலிருந்த நோட்டின் அட்டை மட்டும் நனைந்து ஊறியிருந்தது. மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. யாருடையது என்று தெரியாமல் இல்லை.

கரி டிப்போவின் மாடியில் ஒரே அறையில் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ‘விக்டரி இங்கிலீஷ் கிளாஸஸ்’ என்று பெயர். யுத்தம் முடிந்தபாடில்லை, போர்டில் மட்டும் வெற்றி. ஆபீஸ் நாற்காலிக்கு ஆசைப்பட்ட தமிழர்கள் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஆறு மணிக்கு வந்து ஏழு மணிவரை வேங்கடசுப்ரமணியன் சாரிடம் ஆங்கிலம் பேசிப் பழகினார்கள். வகுப்பில் ஒரு சட்டம். நடுவில் போக வேண்டியவன் கை தூக்க வேண்டும். சார் ‘யூ மே கோ’ என்று வாயால் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. சார் கவனிக்காததால் தையற்காரர் நாணு ஒருநாள் அரைமணி நேரம் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் நாகலக்ஷ்மி மாமி எதிரே வாய் திறக்காதவருக்கு வெளியே அப்படி ஓர் அதிகாரம் தேவைப்பட்டது போலும்.

கடைசி பெஞ்சு அபுதாஹிருடையது. தாராவித் தோல் கிடங்கில் உப்பு சுமந்தவன், இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற கிளார்க் வேலை காலியென்று தெரிந்ததும், பாதிப் படிப்பிலிருந்தவனுக்கு முழுதும் முடித்ததாகச் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தவர் சார்தான். சேர்ந்த நாலாம் நாள், அந்த ஏப்ரல் வெள்ளிக்கிழமை, அங்கே வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தது. கப்பலிலிருந்த தங்கக் கட்டி யார் கூரையில் விழுந்ததோ என்று எங்கள் தெரு ஒரு வாரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அபுதாஹிருடைய ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் அவன் தாய் மதீனா பீவி மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி.

“வாத்தியாரய்யா, எம் மவன் மௌத்தாயிட்டாம்னு சொல்லுதாவ. நான் நம்பல. வீட்டுக்கு வராட்டாலும் படிப்ப விடமாட்டாம்லா? இங்க வந்தானா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சட்டியிலிருந்து மீன் குழம்பின் ஆவி எழுந்தது. “வந்தான்மா. இப்பத்தான் ஓடினான். அங்கே ராப்பகலா வேலையாம்,” என்றார்.

“எங்க, அந்தப் பேரு கூப்புடுத புஸ்தகத்தக் காட்டுங்க.”

மேலே போய் அவன் பெயருக்கு நேரே ‘பிரசண்ட்’ அடையாளம் போட்டுக் கொண்டுவந்தார். எழுத்தறியாதவள், அந்த மையின் மேல் விரலை வைத்து வெகுநேரம் தடவினாள். பிறகு சட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு போனாள்.

அன்றுமுதல் தினமும் அவள் வந்தாள், தினமும் அவர் அடையாளம் போட்டார். மீன் சட்டியை டிப்போ காவல்காரன் முகம்மது ஹனீபிடம் தள்ளிவிட்டாலும் வாசனை கூடவே வந்தது.

“யாராத்துல விருந்து?” என்றாள் நாகலக்ஷ்மி. விஷயத்தைக் கேட்டதும் கேலி நின்றது. “அவகிட்ட நெஜத்தைச் சொல்லிடுங்கோன்னா. பெத்தவ அழட்டும், விடுங்கோ. அழக்கூட விடாம வச்சிண்டிருக்கேளே.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

பிறகுதான் கடைசி பெஞ்சில் அந்த வாசனை வந்தது; பஞ்சுப் பொதி எரிந்து, அதன்மேல் கடல் தண்ணீர் ஊற்றி, அணையாமல் உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் புகைந்தால் வருமே, அந்த வாசனை. யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் முன் பெஞ்சுகளுக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள். ஹனீப் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சார் சட்டியை அந்த பெஞ்சில் வைத்து அறையைப் பூட்டிக்கொண்டு போனார். மறுநாள் அது வழித்துத் துடைத்துக் காலியாக இருந்தது. அதன் மறுநாள்தான் பதினெட்டு நோட்டு.

அன்று மதீனா பீவி புத்தகத்தைக் கேட்கவில்லை. “நாளைக்கு நான் வாரவரைக்கும் அவனப் புடிச்சு வையிங்க. நீங்க சொல்லாம எந்திரிக்க மாட்டாம்லா, அவனே சொல்லியிருக்கான்.”

மறுநாள் ஏழு மணிக்குக் கால்மணி முன்பே எல்லோரையும் அனுப்பினார். இன்று சொல்லிவிடுவது, அதற்குமுன் தன் கையாலேயே ‘ஆப்ஸெண்ட்’ போட்டுவிடுவது என்று முடிவு. வெளியே பொழுது மங்கிக்கொண்டிருந்தது. யுத்தக் கட்டுப்பாட்டுக்காக விளக்கைச் சுற்றி ஒட்டிய கறுப்புக் காகிதம் வெளிச்சத்தை மேஜையளவு வட்டமாகக் குறுக்கியிருக்க, கீழே கரி அள்ளும் சத்தம் ஓய்ந்து, டிராம் மணி தூரத்தில் ஒருமுறை அடித்து அடங்கியது. பேனாவைத் திறந்தார். எழுதுமுன் அந்த நோட்டைப் பிரித்தார்.

ஏப்ரல் இருபத்திரண்டு. அவர் முதல் பொய் சொன்ன தேதி. அதிலிருந்து ஒருநாள் தவறாமல், அவர் கரும்பலகையில் எழுதிய எல்லாப் பாடமும், சாய்ந்த கையெழுத்தில். கடைசிப் பக்கத்தில் பாடம் இல்லை. ஒரே ஒரு வரி, பக்கம் நிறைய, மறுபடி மறுபடி, ஆங்கிலத்தில். போகலாமா சார். போகலாமா சார்.

பெஞ்சு கிறீச்சிட்டது.

நிமிரக் கூடாது என்று நினைத்தார். வாசனை நெருங்கியது. தரையில் சொட்டுச் சத்தம். ஒன்று. இன்னொன்று.

நிமிர்ந்தார்.

வெளிச்ச வட்டத்துக்கு அப்பால், கடைசி பெஞ்சில், ஒரு கை தூக்கியிருந்தது. கரிந்த கை. விரல் மூன்று. நேராக. மரியாதையாக. அதற்குக் கீழே இருந்ததை இருட்டு மூடியிருந்தது.

படிக்குக் கீழே செருப்புச் சத்தம்.

“வாத்தியாரய்யா! இருக்கானா?”

“இருக்கான்மா.” பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு மாதமாய்ச் சொன்னதில் அன்றுதான் அது பொய்யில்லை.

கீழே ஒரு விம்மல்; உடனே சிரிப்பு. “அல்லா! அப்ப அனுப்பி வையிங்க. சோறு ஆறுது.”

கை அசையவில்லை. சொட்டியது. மூன்று விரலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அனுப்புங்கய்யா…”

அவர் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.