சித்தாள் மலையம்மாளின் கைகள்

முத்திரையை எடுத்தபோது காகிதத்தில் விளக்கு மட்டும் பதிந்திருந்தது. அதை இருபுறமும் அணைத்திருக்கும் கைகளைக் காணோம்.

மை ஒட்டவில்லை என்று காசிமாயன் பல்லைக் கடித்தார். அன்று ஆயுத பூஜை. காலையில்தான் கல்லூரியின் பித்தளை முத்திரைக்குச் சந்தனம் பூசி, சரஸ்வதி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டிருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள். இவர் எடுத்துவிட்டார். கோச்சடை ஆற்றோரத்துச் சைவ சமயக் கல்லூரிக்குச் செயலாளர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் அவருக்குச் சாமியும் கிடையாது, சாஸ்திரமும் கிடையாது.

கோபமெல்லாம் அலுவலகக் கிளார்க் ஜெயக்கொடி மேல். விளக்கு ஞானம், கைகள் அதைக் காக்கும் குரு என்றுதான் ஐம்பது வருஷமாகக் கல்லூரி சொல்லிவந்தது. முந்தின நாள் பொன்விழாக் கூட்டத்தில் அவள் எழுந்து, அத்தனை பேர் முன்னால் வேறு கதை சொன்னாள். காசிமாயனின் அப்பா கல்லூரி கட்டும்போது ஆற்றோரச் சுவர் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததாம்.

"உங்க அப்பா எங்க பெரியம்மாவ உள்ள நிக்க வச்சுக் கட்டுனாரு. மலையம்மாள்னு பேரு, சித்தாளு. சுவரு தலைக்கு மேல எந்திரிச்சப்ப ரெண்டு கைதான் வெளிய தெரிஞ்சிச்சு. அதத்தான முத்திரையில போட்டுக் கும்பிடுறீக?"

என்ன திமிர் இருந்தால் இதை மைக்கில் சொல்வாள்! பொய் என்று அவரால் கத்த முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அப்பா சாகக் கிடந்தபோது அவரிடம் சொன்னதும் இதேதான். அந்தக் கைகளைக் கும்பிடுகிற வரைதான் மலையம்மாள் அடங்கியிருப்பாள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஊர் இதை நம்பிவிட்டால் குடும்பப் பெயரும் போச்சு, பதவியும் போச்சு. அதற்குள் ஜெயக்கொடியை வேலையைவிட்டுத் துரத்தியாக வேண்டும். நாளைவரை பொறுக்க அவருக்கு மனசு வரவில்லை. மத்தியானமே, ஆள் இல்லாத அலுவலகத்தில், நீக்க உத்தரவை எடுத்து வைத்து உட்கார்ந்தார்.

மறுபடியும் குத்தினார். விளக்கு மட்டும். முத்திரையைத் திருப்பி வேட்டியால் சந்தனத்தைத் துடைத்தார். கைகள் இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. பூவும் ஊதுவத்தியும் பொரியுமாக மணந்துகொண்டிருந்த அறையில், அவற்றுக்கு அடியிலிருந்து, அப்போதுதான் நீற்றிய சுண்ணாம்பின் சூடான நெடி மெல்லக் கிளம்பி அவர் தொண்டையை அரித்தது. சாத்திய கதவுக்கு வெளியே கரண்டி செங்கல்லில் உரசும் சத்தம், அவசரமே இல்லாமல், கலவையை வழித்து வழித்துப் பூசிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மதுரையில் எந்தக் கொத்தனார் கரண்டியைத் தொடுவான்? அதுவும் பூஜையில் அல்லவா இருக்கும்?

"எவன்டா அவன், இன்னைக்கு வேல பாக்குறவன்?"

கரண்டி நிற்கவில்லை.

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போய்க் கதவை இழுத்துத் திறந்தார்.

நெஞ்சு உயரத்துக்குச் சுவர். ஈரச் சுவர். அதற்கு மேலே வராந்தா தெரிந்தது. வெயில். ஒருவரும் இல்லை.

ஒரு செங்கல் தானாக உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"ஜெயக்கொடி!" என்று கத்தினார். ஏன் அவள் பெயர் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

தாண்டிவிடலாம் என்று இரண்டு கைகளையும் சுவருக்கு மேலே போட்டார். வெளியிலிருந்து யாரோ அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். காய்த்துப்போன விரல்கள். சுண்ணாம்பில் வெந்த விரல்கள்.

இழுத்தார். விடவில்லை.

கழுத்து. வாய். கண்.

இருட்டு.

அவருடைய கைகள் மட்டும் வெளியே வெயிலில் இருந்தன.